சாண்ட்பாங்ஸ்: "மணல் மணல்தானே?" என்ற கேள்வியை முன்வைத்துச் சில குறிப்புகள்

8 ஜூலை 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

"கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் உள்ள சாண்ட்பாங்ஸ் மாகாணப் பூங்காவுக்கு ஸ்காபரோவில் இருந்து குடும்பமாகப் போய் வந்தோம். தண்ணீரும் மணலும் வசாகா ஏரிக்கரையிலும் இருக்கின்றன; அது எங்களுக்குக் கிட்டவும் இருக்கிறது. சாண்ட்பாங்ஸில் மணல்மேட்டின் பெரும்பகுதிக்கு வேலி போட்டு, ஏறக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏறி விளையாட முடியாதென்றால் அந்த மேடு எதற்கு? மணல் மணல்தானே? காற்று அள்ளிக்கொண்டு போனால் காற்றே திருப்பிக் கொண்டுவரும்."

8 ஜூலை 2024, இரவு

கடைசி வாக்கியத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் வேலி போட்டதற்கான காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. அள்ளிக்கொண்டு போன மணலைக் காற்று திருப்பிக் கொண்டுவருவதில்லை. சாண்ட்பாங்ஸின் பெரிய குன்றுகள் இருக்கும் பக்கத்தில் காற்று பெரும்பாலும் ஏரியில் இருந்து கரையை நோக்கி வீசுகிறது. அது மணலை உள்ளே, மேலும் உள்ளே தள்ளுமே தவிர, ஏரிக்குத் திருப்பி அனுப்பாது. இடையில் மறித்து நின்று அந்த மணலைக் குன்றாகக் குவிப்பது மாரம் புல் என்ற ஒரு புல்.

அடுத்த முறை போகும்போது வேலிக்கு இப்பால் நின்று அந்தப் புல்லைக் குனிந்து பாருங்கள். மேலே தெரிவது முழங்கால் உயரத்துக்கு நாலைந்து தாள்கள்தான், ஆனால் அவை நூல் பிடித்து நட்டதுபோல ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். நட்டது யாருமில்லை. மணலுக்குள் கிடையாக ஓடும் ஒரே தண்டு, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு முளைகளை மேலே அனுப்புவதால்தான் அந்த வரிசை. மற்றச் செடிகளை மணல் மூடினால் செத்துப்போகும். இந்தப் புல்லோ மூட மூட மேலே எழுகிறது, புது மணல் வந்து விழாத இடத்தில்தான் மெலிகிறது. அதற்கு ஆகாதது கால்மிதி. சில தடவை மிதித்தாலே தாள் சாய்ந்து, தண்டு முறிந்து, அந்த இடம் மொட்டையாகிவிடும். மொட்டையான இடத்தில் காற்று நுழைந்து கிண்டத் தொடங்கினால் ஒரு காலடிப் பாதை சில பருவங்களில் ஒரு பெரிய குழியாகிவிடும்.

மணல் மணல்தான் என்பதும் முழுமையான உண்மையல்ல. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலை ஒன்ராறியோ ஏரியின் அலைகள் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து இரண்டு வளைகுடாக்களின் வாயில் சேர்த்தன. வாய் அடைபட்ட வளைகுடாக்கள் தனி ஏரிகளாயின. வெஸ்ட் லேக், ஈஸ்ட் லேக் என்று இன்று நாம் அழைப்பவை அவைதாம். இவ்வாறு வளைகுடாவின் வாயை மறித்து நிற்கும் மணற்குன்றுத் தொடர்களில், நன்னீர் நிலைகளைப் பொறுத்தவரை, உலகிலேயே மிகப் பெரியது சாண்ட்பாங்ஸில் இருக்கிறது. வசாகாவைக் குறைத்துச் சொல்லவில்லை. 14 கிலோமீட்டர் நீளமான கரை அது. என் பிள்ளைகள் நீந்தப் பழகியதும் அங்கேதான். ஆனால் ஒன்றைக் கண்டால் மற்றதைக் கண்டதாகாது.

10 ஜூலை 2024

சின்னப் பிள்ளைகளோடு போனால் மூன்று கரைகளில் எது நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். ஈஸ்ட் லேக்கின் தண்ணீர் ஒன்ராறியோ ஏரிக்கு வந்து சேரும் பக்கத்தில் அவுட்லெட் கரை. மேற்கே பேரேரியை நேருக்கு நேர் பார்த்தபடி சாண்ட்பாங்ஸ் கரை. குன்றுகளுக்குப் பின்னால் வெஸ்ட் லேக்கை ஒட்டி டியூன்ஸ் கரை. வெஸ்ட் லேக்கில் அலை கிடையாது, தண்ணீரும் சூடாக இருக்கும், எனவே கைக்குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டியூன்ஸ் கரையையே நான் சொல்வேன்.

"கடற்கரை" என்று எழுதினால் சிலர் திருத்துகிறார்கள். ஏரிக்கரை என்பதே சரி. ஆனால் ஏறக்குறைய 18,960 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஆழமான இடத்தில் 244 மீட்டர் ஆழமும், மறுகரை தெரியாத தொடுவானமும் உள்ள ஒன்றைப் பார்த்து எங்கள் அம்மா "கடல்" என்று சொல்லும்போது எனக்குத் திருத்த மனம் வருவதில்லை.

15 ஜூலை 2024

10ஆம் தேதிக் குறிப்பில் டியூன்ஸ் கரையைப் பற்றி எழுதியதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். நேற்று அண்ணாவின் குடும்பத்தோடு அங்கே போனேன், நான் எழுதியது தவறு என்பதைக் கண்ணால் கண்டேன்.

அங்கே குன்று நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. மேலே எவ்வளவு சரிவோ, தண்ணீருக்குள்ளும் கிட்டத்தட்ட அதே சரிவு தொடர்கிறது. ஆறு வயது மருமகள் கரையில் கணுக்கால் நனைய நின்றாள். இரண்டு அடி எடுத்து வைத்தாள், இடுப்பளவு. மூன்றாவது அடியில் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அண்ணி கைக்கெட்டும் தூரத்தில் நின்றதால் உடனே தூக்கிவிட்டார். அலை இல்லாததும் தண்ணீர் சூடாக இருப்பதும் ஒரு பெரியவரின் கவனத்தை எப்படித் தளர்த்திவிடும் என்பதற்கு நானே சாட்சி, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் குன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு அவுட்லெட் கரைதான் சரி. அங்கே நெடுந்தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. ஆனாலும் ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் உயிர்காப்பாளர்கள் கடமையில் இருப்பதில்லை. காற்றடிக்கும் நாட்களில் பேரேரியில் உள்ளிழுக்கும் நீரோட்டங்களும் உண்டாகும். ஊதிய மிதவைகளை நம்பாமல் மிதவை அங்கியைப் போட்டுவிடுங்கள். நீந்தத் தெரியாத பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. நம்மில் பலர் முப்பது வயதுக்குப் பிறகே தண்ணீருக்குள் இறங்கியவர்கள். ஊரில் கடலுக்கு அருகில் பிறந்தோம் என்பதால் நீந்தத் தெரியும் என்று ஆகிவிடாது.

22 ஜூலை 2024

"ஜூலை நடுப்பகுதியில் 32 பாகை வெயிலில் போனோம், தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, முதல்நாள் போனவர்கள் வெதுவெதுப்பாக இருந்தது என்கிறார்கள், யார் சொல்வது உண்மை?" என்ற கேள்விக்குப் பதில்: இரண்டும் உண்மை.

கோடையில் பேரேரியின் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் மிகக் குளிராகவும் இரண்டு அடுக்காக நிற்கிறது. மேற்கில் இருந்து காற்று தொடர்ந்து பலமாக வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்தண்ணீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது வடகரையை விட்டுத் தெற்கே, விலகிப்போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் எழுகிறது. ஒரே இரவில் பத்துப் பாகை குறைவதும் உண்டு. காற்றுத் திசை மாறியதும் சூடான தண்ணீர் திரும்பி வந்துவிடும். எனவே வெயிலைப் பார்த்துப் புறப்படுவதைவிட, முந்தைய நாள் காற்றைப் பார்த்துப் புறப்படுவது மேல். வெஸ்ட் லேக் ஆழம் குறைந்த தனி ஏரி என்பதால் இந்த மாற்றம் அங்கே தெரியாது.

23 ஜூலை 2024

ஒரு முக்கியமான விடயம் விடுபட்டுவிட்டது. குன்றுகளின் ஓரத்திலும் மர நிழலிலும் பாய்சன் ஐவி நிறைய உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலையின் காம்பு மற்ற இரண்டையும் விடச் சற்று நீளம். முதல் ஆண்டு அம்மா நிழலில் பாய் விரித்து உட்கார்ந்து, இலையான் விரட்டுவதற்கு ஒரு கொப்பை ஒடித்து விசிறிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் கை முழுக்கக் கோடு கோடாகக் கொப்புளம். பாயைத் துவைக்காமல் மடித்து வைத்ததால், பத்து நாட்கள் கழித்து அதை எடுத்து விரித்த எனக்கும் வந்தது. இலையில் உள்ள எண்ணெய் துணியில் நீண்ட காலம் இருக்கும். தொட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், துணிகளையும் தனியாகத் துவையுங்கள்.

4 ஓகஸ்ட் 2024

முதல் குறிப்பை மீண்டும் வாசித்தபோது, புல் மட்டும் இல்லை, குன்றுகளுக்குப் பின்னால் உள்ள காடும் சேர்ந்துதானே மணலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்த கருத்து மனதில் நின்றது. அந்தக் காட்டின் ஒரு பகுதி தானாக வளர்ந்ததல்ல. அந்த வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "காற்றே திருப்பிக் கொண்டுவரும்" என்ற நம்பிக்கை இங்கே ஒரு முறை ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது.

1860-கள் தொடங்கி 1890 வரை இந்தக் கவுண்டி பார்லியால் வாழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்திலும் அதற்குப் பின்னும் ஏரிக்கு அப்பால் உள்ள பியர் வடிசாலைகளுக்குப் பார்லி தேவைப்பட்டது. கவுண்டியின் சிறு துறைமுகங்களில் இருந்து பாய்க்கப்பல்கள் அதை ஏற்றிச்சென்றன. இன்றும் அங்கே அதைப் பார்லிக் காலம் என்றே சொல்கிறார்கள். கவுண்டியின் பிக்டன், வெலிங்டன் ஊர்களைச் சுற்றி நாம் நின்று படம் எடுக்கும் செங்கல் வீடுகளில் பல, அந்தக் காசில் எழுந்தவை. 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி இறக்குமதி வரிச்சட்டம் அந்த வணிகத்தை ஒரேயடியாக முடித்துவைத்தது.

பார்லிக்கு விலை இருந்தபோது நல்ல நிலமெல்லாம் பயிருக்குப் போனது. மாட்டை எங்கே மேய விடுவது? குன்றுகளில் விட்டார்கள். யாருக்கும் பயன்படாத மணல் என்று நினைத்த இடம் அது. மாடுகள் புல்லைத் தின்றன, மிதித்தன, மரங்களும் வெட்டப்பட்டன. சில ஆண்டுகளில் மணல் நடக்கத் தொடங்கியது. வயலை மூடியது, பாதையை மூடியது, மணலை நம்பித் தொடங்கிய ஒரு செங்கல் ஆலையையே மூடியது. அந்தப் பாதையைப் பின்னுக்கு நகர்த்திப் போட வேண்டியிருந்தது. எந்தக் காற்றும் அந்த மணலைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

பிறகு அரசாங்கம் இறங்கி, 1920-கள் தொடக்கம் பொப்ளர், பைன் போன்ற மரங்களை ஆயிரக்கணக்கில் நட்டு, வேலி போட்டு மணலை நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு ஒரு சீமெந்து நிறுவனம் குன்றுகளில் மணல் அள்ளிக்கொண்டிருந்தது. 1970-இல் மாகாணப் பூங்கா உருவானது. மக்களின் எதிர்ப்பு வலுத்து, 1970-களின் தொடக்கத்தில்தான் அந்த அள்ளுகை நின்றது.

மேட்டில் நாங்கள் நாலு பேர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒவ்வொரு விவசாயியும் நாலு மாடுகளைத்தான் விட்டிருப்பார்.

5 ஓகஸ்ட் 2024

நேற்றுச் செங்கல் ஆலையைப் பற்றி எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர்களுக்கு மணற்காடு என்ற ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது.

பருத்தித்துறையில் இருந்து தெற்கே போனால் கடலுக்கும் களப்புக்கும் இடையே வெண்மணல் குன்றுகள் இருக்கும்; அந்த மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் நிற்கும். சின்ன வயதில் அப்பா சைக்கிள் பாரில் என்னை இருத்திக் கூட்டிக்கொண்டு போய், ஒரு யன்னலின் மேல் வளைவைக் காட்டி, "நாங்கள் இப்ப நிக்கிறது யன்னலுக்கு மேலே" என்றார். யன்னலுக்கு மேலே எப்படி நிற்க முடியும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அங்கும் மணலைப் பிடித்து நிறுத்தச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன. அங்கும் மாரம் புல்லின் வேலையைச் செய்ய ஒரு புல் உண்டு: இராவணன் மீசை. அதன் காய்ந்த முள்ளுருண்டை காற்றில் கழன்று மணலில் உருளும்போது நாங்கள் பின்னால் ஓடுவோம். உருளும் ஒவ்வோர் உருண்டையும் விதை கொண்டுபோகிறது என்பது தெரியாது. அதோடு அடம்பன் கொடி. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை ஒற்றுமைக்கு உவமையாக மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அந்தப் பழமொழியைச் சொன்னவர், கடற்கரையில் அந்தக் கொடி மணலை எப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தவராக இருக்க வேண்டும் என்பது எனக்குச் சாண்ட்பாங்ஸில்தான் உறைத்தது.

வடமராட்சி கிழக்கில் மணல் அகழ்வை எதிர்த்து ஊர்மக்கள் குரல் கொடுப்பதைச் செய்திகளில் பார்த்து வேதனைப்படுகிற நாம், இங்கே வந்து வேலியைத் தாண்டி ஏறுவது எனக்குப் பொருந்தவில்லை.

11 ஓகஸ்ட் 2024

மரம் நட்டதைப் பற்றி நான் எழுதியதில், மரம் கூடினால் குன்றுக்கு நல்லது என்ற தொனி வந்துவிட்டது. அது சரியல்ல.

நேற்று டியூன்ஸ் நடைபாதையில் மெதுவாக நடந்தேன். குன்றுகளுக்கு நடுவே காற்று மணலை நிலத்தடி நீர் தொடும்வரை தோண்டிவிட்ட ஈரப்பள்ளங்கள் இருக்கின்றன. பான் என்று அவற்றை அழைக்கிறார்கள். சுற்றிலும் வெயிலில் கொதிக்கும் மணல், நடுவே காலடி அளவுத் தண்ணீரும் கோரையும். ஒரு பள்ளத்தின் ஓரத்தில் விரல் நுனியளவு நீலப்பூக்கள் நின்றன. பக்கத்தில் நின்ற ஒருவர் அதைக் கால்ம்ஸ் லொபேலியா என்றார். அந்தப் பூவுக்கு நிழல் ஆகாது, வறண்ட மணலும் ஆகாது. இந்த ஈரப்பள்ளம் போன்ற திறந்த நிலம் வேண்டும். இந்தப் பள்ளங்கள் உண்டாவதற்கே மணல் கொஞ்சம் நகர வேண்டும். எல்லா மணலையும் மரத்தால் மூடினால் குன்று நிற்கும், ஆனால் அது மணற்குன்றாக இருக்காது.

ஆகவே நான் சொல்ல வந்ததைத் திருத்தமாகச் சொல்கிறேன்: மணல் நகரக் கூடாது என்பதல்ல, புல் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மட்டும் அது நகர வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் மரம் நட்டவர்களைக் குறைசொல்லவில்லை. வீட்டுவாசலுக்கு மணல் வந்து நின்றபோது அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

25 ஓகஸ்ட் 2024

முதலாவது கேள்வியைக் கேட்டவருக்கு நான் ஒரு விடயத்தில் கடன்பட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை நான் அன்று மறுத்துவிட்டேன்.

2017-இல் ஒன்ராறியோ ஏரியின் நீர்மட்டம் மே மாத இறுதியில் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 75.88 மீட்டரைத் தொட்டது. நூறு ஆண்டுப் பதிவுகளில் அதுவரை காணாத உயரம். இரண்டே ஆண்டில், 2019 ஜூனில், 75.92 மீட்டராக அதுவும் முறியடிக்கப்பட்டது. 2017 ஜூனில் நாங்கள் அவுட்லெட் கரைக்குப் போனபோது, வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்தில் தண்ணீர் நின்றது. முன்வரிசைக் குன்றை அலை கத்தியால் கேக் வெட்டுவதுபோல நேராக வெட்டியிருந்தது. வெட்டிய முகத்தில் மாரம் புல்லின் வேர்கள் ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்கின. மேலே தெரிந்தது ஒரு முழப் புல். கீழே அவ்வளவு வேர். அன்றுதான் அந்தப் புல்லின் மீது எனக்கு மரியாதை வந்தது. கரை போய்விட்டது என்று அம்மா கவலைப்பட்டார்.

ஆனால் கரை திரும்பி வந்தது. அலை அரித்த மணல் ஏரியை விட்டு எங்கும் போய்விடவில்லை. கரைக்குச் சற்று வெளியே தண்ணீருக்கடியில் திட்டாகக் கிடந்தது. நீர்மட்டம் இறங்கிய ஆண்டுகளில் சிற்றலைகள் அதை மெல்ல மெல்லக் கரைக்குத் தள்ளின; காய்ந்த மணலைக் காற்று எடுத்துக் குன்றின் அடிக்குக் கொண்டுவந்தது; புல் அதைப் பிடித்துக்கொண்டது. எனவே, உள்ளே போன மணலைக் காற்று திருப்பித் தருவதில்லை, ஆனால் அலை எடுத்த மணலை அலையும் காற்றும் சேர்ந்து திருப்பித் தருகின்றன. அந்தக் கடைசிக் கட்டத்தில் பிடித்துக்கொள்ளப் புல் இருக்க வேண்டும். புல் இல்லாவிட்டால் வந்த மணல் நிற்காமல் பார்க்கிங் வரைக்கும் போகும். வேலி எதற்கு என்ற கேள்விக்கு நான் முதல்நாளே கொடுத்திருக்க வேண்டிய பதில் இது.

2 செப்டம்பர் 2024

சுற்றுவட்டாரம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பூங்காவுக்கு 401 நெடுஞ்சாலையால் வந்து அதே வழியில் திரும்புவதுதான் நம்மவர்களின் வழக்கம். திரும்பும்போது ஒரு முறையாவது பிக்டனைத் தாண்டிக் கிளெனோரா வரை போங்கள். அங்கே வாகனத்தோடு அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் படகுச் சேவைக்குக் கட்டணம் இல்லை. படகுத்துறைக்கு மேலே, மலை உச்சியில், லேக் ஒன் த மவுண்டன் என்று இன்னொரு சிறிய மாகாணப் பூங்கா. ஒரு பக்கம் திரும்பினால் நிறைந்த ஏரி. மறுபக்கம் திரும்பினால் அதற்கு ஏறக்குறைய 60 மீட்டர் கீழே குவின்ரே விரிகுடா. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும்போது தலை சற்றுச் சுற்றும். சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்ளே இடிந்து விழுந்த பள்ளத்தில் நிறைந்த ஏரி என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பூர்வகுடிகளான மோஹாக் மக்கள் அதைப் புனிதமான நீராகப் போற்றியவர்கள். அவர்களுடைய டையென்டினேகா நிலம் விரிகுடாவின் வடகரையில் இருக்கிறது. அந்த ஏரியில் நீந்தப் போக வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: கவுண்டி முன்பு ஒரு தீவக்குறை. 1889-இல் மரே கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டபின் அது தீவாகிவிட்டது. எந்த வழியால் போனாலும் ஒரு பாலத்தையோ படகையோ கடக்காமல் உள்ளே போக முடியாது. நீண்ட வார இறுதிகளில் ஏன் அவ்வளவு நெரிசல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3 செப்டம்பர் 2024

முன்பதிவு பற்றி. ஓர் ஆண்டு நாங்கள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு மூன்று வாகனங்களில் போய், நாளனுமதி எடுக்காததால் வாயிலில் திரும்ப வேண்டியதாயிற்று. பதிவு செய்யாமல் போனது எங்கள் பிழை. நாளனுமதியை ஐந்து நாட்களுக்கு முன் இணையத்தில் எடுக்கலாம். கூடாரம் போட்டுத் தங்குவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும்; கோடை வார இறுதிகள் அன்றே நிரம்பிவிடும். செப்டம்பரில் பள்ளி தொடங்கியபின் கூட்டம் குறைவு, ஏரியின் சூடும் இன்னும் குறைந்திருக்காது. தெற்கே புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கரையோரப் பூக்களில் தங்கிப் போவதையும் அப்போது காணலாம்.

14 அக்டோபர் 2024

நன்றி நவிலல் விடுமுறையில் அம்மாவோடு போனேன். கரையில் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதியும் அவர்களுடைய நாயும். ஏரி கறுத்து, அலை இரைந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குக் குளிர், வாகனத்துக்குள் இருந்தபடியே பார்த்தார்.

கேள்வி கேட்ட வாசகர் நேற்று எழுதியிருந்தார்: செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளோடு மறுபடியும் போனாராம், மகன் வேலிக்கு வெளியே படுத்துக்கொண்டு புல் வரிசைகளை எண்ணினானாம், இருபத்திமூன்றுக்குப் பிறகு எண்ணிக்கை குழம்பிவிட்டதாம்.

நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். நடைபாதையின் ஓரத்தில் மரச்சட்டங்களைக் கம்பியால் கோத்த வேலி ஒன்று இருக்கிறது. ஜூலையில் அதன் முதல் சட்டத்தின் அடிக்கும் மணலுக்கும் இடையே என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது. இப்போது விரல்கூட நுழையவில்லை. வேலிக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த மணலில் இரண்டு புல் முளைகள் ஒன்றுக்கொன்று ஒரு சாண் தூரத்தில் நின்றன.